உப்பு இலாகாவின் புளிக்குழம்பு வழக்கு

போட்டோமா, போடவில்லையா. குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நுரை ஓரத்திலிருந்து நடுவுக்கு வருகிறது, நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகிறது, ஒரு குமிழி உடையும்போது போட்டாச்சு என்கிறது, அடுத்த குமிழி எங்கே போட்டே என்கிறது. ஆவுடையப்பன் கரண்டியைப் பிடித்தபடி அடுப்பு முன்னால் நின்றார். மத்திய சர்க்காரின் உப்பு இலாகாவில் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். தூத்துக்குடியைச் சுற்றி இருக்கிற உப்பளமெல்லாம் வெயிலில் நடந்து, அம்பாரம் அம்பாரமாகக் குவிந்து கிடந்த உப்பைக் கிளறிப் பார்த்து, இது வாய்க்கு ஆகும், இது தோல் பதனிடத்தான் ஆகும் என்று கையெழுத்துப் போட்டவர். அந்த மனிதருக்கு ஒரு சட்டிக் குழம்பில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. தெரிந்துகொள்வது பெரிய வித்தையா என்ன, ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நாக்கை நீட்டினால் தீர்ந்தது. நீட்டக் கூடாது. இன்றைக்கு மாமியார் பிச்சம்மையின் திதி. படைக்கிற குழம்பைப் படைக்கும் முன்னால் வாயில் வைத்தால் எச்சில். மகன் இல்லாத வீடு என்பதால் மகள் உலகம்மாள்தான் வருஷா வருஷம் அம்மாவுக்கு இலை போடுகிறாள், அவள் இந்த விஷயத்தில் கலெக்டரைவிடக் கண்டிப்பு. இலை கொண்டுவருகிறேன் என்ற கடைக்காரன் வராததால் அவளே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள், "கொதி வந்ததும் உப்பைப் போட்டு இறக்கிருங்க. வாயில வச்சுப் பாத்துராதீங்க, உங்க நாக்கு சும்மா கெடக்காது." அதற்குப் பிறகும் வாசலில் நின்று ஏதோ சொன்னாள். அதற்குள் போன் அடித்துவிட்டது.

போன் அடிக்காமல் இருந்திருக்கலாம். அப்படியும் சொல்ல முடியாது, அந்தப் போனுக்காகத்தானே காலையிலிருந்து சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெசிந்தா டீச்சர். கீழூரில் கணக்கு டீச்சராக இருந்துகொண்டு மாதம் ஒரு மர்ம நாவல் எழுதுகிற பெண்பிள்ளை. பஸ் ஸ்டாண்டுக் கடையில் முறுக்குப் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் கிளிப் மாட்டித் தொங்குமே, அந்த நாவல். இத்தனை நாளும் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டரை வைத்து ஓட்டினாள். வாசகர்களுக்கு அவன் மீசை அலுத்துவிட்டது. ஒரு நாள் வந்து கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, "அண்ணாச்சி, போலீஸ் வேண்டாம், சிபிஐ வேண்டாம். யாருமே கேள்விப்படாத ஆளா வேணும். மத்திய சர்க்கார்ல விசாரணை அதிகாரின்னு எத்தனை பேர் இருக்காங்க தெரியுமா, தேடத் தேட வருது. ரயில் கவுந்தா விசாரிக்கிறவங்க விமான மந்திரிக்குக் கீழ இருக்காங்க. அது மாதிரி ஆள் எனக்கு வேணும்," என்றாள். அப்போது ஆவுடையப்பனுக்கு நெஞ்சுக்குள் யாரோ ஜன்னலைத் திறந்த மாதிரி இருந்தது. யாருமே கேள்விப்படாத ஆள். சர்வீஸ் முழுக்க அந்த வாக்கியத்துக்குள்தான் குடியிருந்தார். ரயிலில் எதிர் சீட்டுக்காரன் கேட்பான், எங்கே வேலை. உப்பு இலாகா. அப்படி ஒண்ணு இருக்கா. பாங்கில் கேட்பார்கள், உப்புக்கு எதுக்கு சார் இன்ஸ்பெக்டர், அது ஓடியா போகுது. கொட்டாவி விடுகிற மாதிரி சிரிப்பார்கள். ஒரு தடவையாவது, ஒரே ஒரு அட்டைப் படத்திலாவது, கையில் துப்பாக்கி இல்லாமல் உப்புத் தண்ணீரில் டிகிரி பார்க்கிற கண்ணாடிக் குழாயோடு ஒரு மனிதன் நிற்க வேண்டும், பின்னால் வெள்ளை அம்பாரம், முன்னால் ஒரு பெண் அலற வேண்டும். அலறாவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் குறுக்கே மச்சாது நிற்கிறாரே. மச்சாது சுங்க இலாகாவில் இருந்து ரிட்டயர் ஆனவர், அவரிடம் தங்கம் இருக்கிறது, படகு இருக்கிறது, நடுக்கடலில் துரத்தல் இருக்கிறது. தங்கத்துக்கு முன்னால் உப்பு என்ன செய்யும். டீச்சர் இருவரிடமும் கதை கேட்டாகிவிட்டது. இன்றைக்கு மத்தியானம் சாப்பிட வருகிறேன், சாப்பிட்டு எழுந்ததும் யார் என்று சொல்லிவிடுகிறேன் என்றிருக்கிறாள். சாப்பிட்டு எழுந்ததும். உப்பில்லாத குழம்பைச் சாப்பிட்டு எழுந்தால் என்ன சொல்வாள். உப்பு இலாகாக்காரன் வீட்டில் உப்பில்லை என்று ஊரே சிரிக்க ஒரு அத்தியாயம் வேண்டுமானால் எழுதுவாள், கதாநாயகனாக மச்சாது படகில் வந்து இறங்குவார்.

யோசி. விசாரணை என்றால் முதலில் நேரவரிசை. போன் அடித்தது, இடது கையில் எடுத்தார், அது நிச்சயம், ஏனென்றால் இடது காதுதான் இப்போதும் சூடாக இருக்கிறது. டீச்சர் கேட்டாள், "அண்ணாச்சி ஒரு சந்தேகம். உப்பு அம்பாரத்துக்குள்ள ஒரு பிணத்தை ஒளிச்சா வெளிய தெரியுமா?" பிணமா என்றார் ஆவுடையப்பன். "பிணம் என்ன டீச்சர் பிணம், ஒரு லாரியையே ஒளிச்சு வச்சிருந்தான் ஒருத்தன்." அது எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது, எப்போதும் அப்படித்தான், வாயைத் திறந்தால் லாரி வந்து நிற்கும். "ஊரெல்லாம் லாரியத் தேடுது. நான் அளத்துக்குள்ள போறேன். பத்து அம்பாரம் நிக்கி, எல்லாம் ஒண்ணு போல. எதுக்குள்ள லாரி? நான் என்ன செஞ்சேன், ஒரு பிடி உப்பை அள்ளினேன், அப்படியே அம்பாரத்து மேல வீசினேன். உப்பு உப்பு மேல பட்டா உருண்டு விழுந்துரும். எண்ணெய்ப் பிசுக்கு உள்ள இடத்துல பட்டாத்தான் ஒட்டிக்கிடும். ஏழாவது அம்பாரத்துல ஒட்டிக்கிட்டு நின்னுச்சு பாருங்க. தோண்டுடேன்னேன். உள்ள லாரி. லாரிக்குள்ள டிரைவர். மாவடு மாதிரி சுருங்கிப் போய் உக்காந்திருக்கான், ஆனா உயிர் இருக்கு. கண்ணைத் தொறந்து, டீ கெடைக்குமா அண்ணாச்சின்னு கேட்டான்." டீச்சர் அந்தப் பக்கம் சிரித்துச் சிரித்து இருமினாள். இதெல்லாம் நினைவிருக்கிறது, ஒரு எழுத்து விடாமல் நினைவிருக்கிறது. இங்கேதான் சிக்கல். ஒரு பிடி உப்பை அள்ளினேன். அள்ளியது நினைவிருக்கிறது, விரல்களுக்கு நடுவில் கல் உப்பு நறநறத்தது, ஈரமாக இருந்தது. அந்த உப்பு இந்தப் பீங்கான் ஜாடி உப்பா, ஏழாவது அம்பாரத்து உப்பா. இல்லாத அம்பாரத்து உப்பு கையில் நறநறக்குமா. ஆவுடையப்பனுக்கு நறநறக்கும். அவர் சொன்ன மழையில் அவரே நனைந்திருக்கிறார், அவர் சொன்ன பாம்புக்கு அவரே செருப்பைத் தேடியிருக்கிறார். இது குழம்புச் சங்கதி மட்டும்தானா. எதிர் வீட்டு லோகநாதன் கடைசியில் கேட்டைப் பூட்டினோமா பூட்டினோமா என்று கேட்டுக் கேட்டு, ஒரு நாள் தன் வீட்டுக் கேட்டையே தெரியாமல் எதிரில் நின்றார். முதலில் கேட், அப்புறம் வீடு. முதலில் உப்பு, அப்புறம்? நடந்தது ஒரு பக்கம், சொன்னது ஒரு பக்கம் என்று இத்தனை வருஷம் நடுவில் ஒரு வரப்பு இருந்தது, பாத்திக்கும் பாத்திக்கும் நடுவில் இருக்குமே, ஒரு சாண் மண், அது கரைந்துவிட்டால் தண்ணீர் எந்தப் பாத்தித் தண்ணீர் என்று எவன் சொல்வான்.

சீ, கொதிக்கிற குழம்பை வைத்துக்கொண்டு இதென்ன யோசனை. அடுப்பைக் குறைத்தார். விரலை நக்கினார். விரல் குழம்பில்லையே, விரலை நக்க எந்த சாஸ்திரமும் குறுக்கே வராது. கரித்தது. ஆகா போட்டாச்சு என்று ஒரு நொடி கண் மலர்ந்தது. பிறகு இன்னொரு கை விரலை நக்கினார், அதுவும் கரித்தது. புறங்கையை நக்கினார், கரித்தது. தூத்துக்குடியில் புரட்டாசி வெயிலில் எந்த மனிதனை நக்கினாலும் கரிக்கும், இது சாட்சி ஆகாது. ஜாடியை எட்டிப் பார்த்தார். உப்பு குழிந்து கிடந்தது. அந்தக் குழி இன்றைக்குள்ளதா நேற்றைக்குள்ளதா, வடித்த சாதத்துக்கு உலகம்மாள் அள்ளியதா. டார்ச் எடுத்து, முழங்காலுக்கு ஒரு சமாதானம் சொல்லி, தரையில் உட்கார்ந்து அடித்தார். ஜாடிக்கும் அடுப்புக்கும் நடுவில் ஒரு உப்புக் கல் மின்னியது. அதற்குப் பக்கத்தில் ஒரு கடுகு. கல்லைப் பார்த்துக் கேட்டார், நீ யார் கையிலிருந்து விழுந்தே. இலாகா நாட்களில் இப்படி உப்போடு பேசுவது உண்டு, அளத்தில் வேறு யார் இருந்தார்கள் பேச. எழுந்து, பீரோவுக்கு மேலிருந்து பழைய கண்ணாடிக் குழாயை எடுத்து வந்தார். தண்ணீரில் விட்டால் உப்பு எவ்வளவோ அவ்வளவு மேலே மிதக்கும், கோட்டைப் பார்த்துச் சொல்லிவிடலாம். தண்ணீர்க் குழாய்க்குக் கீழே பிடித்து நன்றாகக் கழுவினார், இரண்டு தடவை கழுவினார், மாமியாரை மனதில் நினைத்து மூன்றாவது தடவையும் கழுவினார். கண்ணாடிக்கு நாக்கு இல்லையே, எச்சில் ஆகாது. ஒரு கிண்ணத்தில் குழம்பை ஊற்றி ஆறவைத்து உள்ளே விட்டார். குழாய் நெட்டுக்குத்தாக நின்றது, வாழைக்காய்த் துண்டில் சாய்ந்துகொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஆள் மாதிரி. புளியும் மசாலாவும் நல்லெண்ணெயும் சேர்ந்த கெட்டிக்கு உப்பே இல்லாவிட்டாலும் அது அப்படித்தான் நிற்கும். ஆவுடையப்பன் தனக்குள் சிரித்துவிட்டார். மச்சாது பார்க்க வேண்டும் இதை.

அத்தை பார்த்தால் என்ன சொல்வாள். கூடத்துச் சுவரில் மாலை போட்ட படத்துக்குள் இருந்தாள் பிச்சம்மை, சமையலறை வாசல் வழியாக முகத்தில் பாதி தெரிந்தது, ஒரு கண்ணும் பாதி மூக்குத்தியும். இந்த வீட்டுக்கு வந்து ஒரு தடவையாவது ஒழுங்காக உப்பு இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டவளா. முதல் கவளத்திலேயே தலையை ஆட்டுவாள். "ஏட்டி உலகு, உப்பு இலாகா வீட்டுல உப்புக்குப் பஞ்சமாட்டி?" என்பாள். இலையோரத்து உப்பையெல்லாம் பிசைந்து சாப்பிட்டு, இன்னும் கொஞ்சம் கொண்டா என்பாள். உலகம்மாளுக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஆனால் வெளியில் அத்தை என்ன பேசினாள் என்று ஆவுடையப்பனுக்கு அல்லவா தெரியும். பெண் பார்க்க வந்தபோது தரகர், மாப்பிள்ளை சென்ட்ரல் கவர்மெண்டில் விசாரணை அதிகாரி என்று சொல்லிவைத்தார். எதை விசாரிக்கிற அதிகாரி என்று அத்தை கேட்கவில்லை, தெருவில் சொல்லிவிட்டாள். கடல் கொள்ளைக்காரனைப் பிடிக்கிற உத்தியோகம். கப்பல் வந்தால் மாப்பிள்ளையைக் கேட்காமல் கரைக்கு வராது. உப்பு என்று தெரிய வந்தபோது தெரு முழுக்கக் கொள்ளைக்காரர்கள் பரவிவிட்டார்கள். மறுவீட்டுக்குப் போன அன்று பந்தியில் எதிரில் உட்கார்ந்த ஒரு பெரியப்பா வெற்றிலை வாயோடு கேட்டார், "மாப்பிள்ள, இதுவரைக்கும் எத்தனை பேரைப் பிடிச்சிருக்கியோ?" பரிமாறிக்கொண்டிருந்த அத்தையின் கரண்டி அந்தரத்தில் நின்றது. ரசம் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, இலையைப் பார்த்தாள். புது மாப்பிள்ளை ஆவுடையப்பன் தொண்டையைச் செருமினார். அதுவரை ஒரு கதை சொன்னதில்லை, சத்தியமாக. "போன வாரம்தான் ரெண்டு பேர்," என்றார். "ஒருத்தன் உப்பு மூட்டைக்குள்ள இருந்தான், ஒருத்தன் மூட்டையாவே இருந்தான்." பந்தி முழுக்க வாயைப் பிளந்தது. அத்தை அவர் இலையில் இரண்டாவது அப்பளத்தை வைத்தாள், கேட்காமலே மூன்றாவதையும் வைத்தாள். அன்றைக்கு ஆரம்பித்தது. லாரியும் பாம்பும் மாவடு டிரைவரும் எல்லாம் அந்த அப்பளத்திலிருந்துதான். யோசித்துப் பார்த்தால் டீச்சர் தேடுகிற துப்பறியும் அதிகாரியை முதலில் உண்டாக்கியவள் இந்தச் சட்டத்துக்குள் பாதி மூக்குத்தியோடு இருக்கிறவள்தான். அவளுக்குப் போய் உப்பில்லாத குழம்பு. இல்லை, உப்பு இரண்டு தடவை விழுந்த குழம்பு. எது பெரிய பாவம்.

சொன்ன கதை. அவர் திரும்பினார். சொன்ன கதையில் கை என்ன செய்தது. ஆவுடையப்பன் கையைக் கட்டிக்கொண்டு பேசக் கூடியவர் இல்லை. நிஜத்தைச் சொல்லும்போது கை தூங்கும், கதை சொல்லும்போது கை நடிக்கும், உலகம்மாள் கல்யாண வீடுகளில் அவருக்கு வலப்பக்கம் உட்காரவே மாட்டாள். ஒரு பிடி அள்ளினேன் என்றபோது கை அள்ளியிருக்கும். பக்கத்தில் ஜாடி திறந்து கிடந்தது. வீசினேன் என்றபோது கை வீசியிருக்கும். எதன் மேல்? எண்ணெய்ப் பிசுக்கு உள்ள இடத்துல பட்டாத்தான் ஒட்டிக்கிடும். டார்ச்சை அடுப்புக்குப் பின்னால் அடித்தார். தாளிப்பு தெறித்துத் தெறித்துப் பளபளத்துக் கிடந்த டைல்ஸ் சுவரில், அம்மம்மா, வானத்து நட்சத்திரம் மாதிரி உப்புக் கல். சட்டிக்கு நேர் மேலே தொடங்கி ஜன்னல் கட்டைவரைக்கும் விசிறி விரித்த மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது. ஏழாவது அம்பாரம். இல்லாத ஊரில், இல்லாத லாரிக்காக, வாயில் வந்த யுக்தி இந்தச் சுவரில் வேலை செய்திருக்கிறது. லோகநாதனின் கேட் எங்கோ தூரத்தில் போய்விட்டது. மனசு மறந்தாலும் கை சாட்சி வைத்திருக்கிறது, பொய் சொல்லும்போதுகூட ஒழுங்காக வேலை பார்த்திருக்கிறது. அவருக்குச் சட்டியைக் கட்டிப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. சரி, தீர்ப்பு. ஒரு பிடியில் பாதி சுவரில். அப்படியானால் பாதிதான் உள்ளே. அப்படியானால் இன்னும் பாதி வேண்டும். வாசலில் கேட் கிறீச்சிட்டது, உலகம்மாளின் செருப்புச் சத்தம், இலை உரசுகிற சத்தம். ஜாடிக்குள் கையை விட்டார், அரைப் பிடி எடுத்தார், இந்தத் தடவை கண்ணால் பார்த்துக்கொண்டே, வாயால் ஒன்றும் சொல்லாமல், சட்டிக்குள் போட்டார். கலக்கினார். இறக்கினார்.

"போட்டாச்சா?" என்றாள் உலகம்மாள்.

"போட்டாச்சு," என்றார். உலகத்தில் இதைவிடச் சுத்தமான நிஜத்தை அவர் சொன்னதில்லை.

விளக்கேற்றினாள். படத்துக்கு முன் இலை விரித்து, முதலில் உப்பு வைத்து, பிறகு ஒவ்வொன்றாகப் பரிமாறி, சாதத்தின் மேல் அந்தக் குழம்பை ஊற்றினாள். சூடம் காட்டும்போது ஆவுடையப்பன் கண்ணை மூடவில்லை, குழம்பின் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், நிறத்தில் என்ன தெரியும். கைப்பிடிச் சுவரில் காக்காய்க்கு வைத்தாள். கா கா என்று கூப்பிட்டதும் ஒரு காக்காய் வந்து, தலையைச் சாய்த்து அவரைப் பார்த்து, ஒரு கொத்து கொத்தியது. நிமிர்ந்தது. பறந்துபோய்ச் சொட்டுகிற குழாயில் தண்ணீர் குடித்தது. காக்காய் திரும்பி வந்து மிச்சத்தை முழுக்கத் தின்றுவிட்டுப் போனது. இதை எந்தப் பக்கத்துச் சாட்சியாக எடுப்பது. உலகம்மாள், "அம்மா வந்துட்டா," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஜெசிந்தா டீச்சர் வந்துவிட்டாள். தண்ணீர் குடிக்கிறேன் மதினி என்று நேராகச் சமையலறைக்குள் போனவள் வெளியே வரக் காணோம். ஆவுடையப்பன் பின்னாலேயே போனார். அவள் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றாள். தொட்டியில் கண்ணாடிக் குழாயும் குழம்புக் கிண்ணமும். தரையில் டார்ச். அவள் சுவரைப் பார்த்தாள், ஜாடியைப் பார்த்தாள், பிறகு அவர் வலது கையைப் பார்த்தாள்.

"வீச்சு இந்தப் பக்கமிருந்து வந்திருக்கு," என்றாள் மெதுவாக. "போன் இடது கையில. நான் லாரிக் கதை கேட்டுக்கிட்டிருந்த நேரம். சரியா அண்ணாச்சி?"

ஆவுடையப்பன் வலது கையை வேட்டியில் துடைத்தார்.

"ருசி பாக்கவும் முடியாது, படையலு. அதான் குழாய வச்சு அளந்திருக்கீங்க. பாதி சுவத்துல. மிச்சம்?"

"போட்டாச்சு."

"மதினிக்குத் தெரியுமா?"

"மூச்சு விடக் கூடாது," என்றார் ஆவுடையப்பன்.

மூவரும் உட்கார்ந்தார்கள். படைத்த இலை அவருக்கு. உலகம்மாள் பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்தாள். மென்றாள். நிறுத்தினாள். அவருக்கு மென்றதெல்லாம் மண்ணாக இருந்தது, தன் வாயில் இருப்பது உப்பா இல்லையா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை, அவள் முகத்தைத்தான் அவர் தின்றுகொண்டிருந்தார்.

"எவ்வளவு போட்டீங்க?"

"ஒரு பிடி," என்றார். அதுவும் நிஜம்தான், தவணையில் போட்டது.

"நான் வாசல்ல நின்னு தொண்டை கிழியச் சொன்னேன்லா, அரைக் கை போதும்னு. நம்ம வீட்டுப் புளியில உப்பு கெடக்கே. சித்திரையில கொட்டை எடுத்து, கல் உப்பு போட்டு அமுக்கி ஜாடியில வச்சது யாரு, நானும் நீங்களும்தானே. உப்பு அள்ளிக் குடுத்ததே நீங்கதான்." உப்பு இலாகா இன்ஸ்பெக்டர் ஆவுடையப்பன் இலையைப் பார்த்தார். சுவரை விசாரித்தார், விரலை விசாரித்தார், காக்காயை விசாரித்தார், புளியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. உலகம்மாள் இன்னொரு கவளம் எடுத்தாள். அதையும் நிதானமாகச் சாப்பிட்டாள். அவள் வாய்க்கோடியில் என்னவோ அசைந்தது. "எங்கம்மா சாப்பாட்டுல இந்த உப்புதான் கேப்பா," என்றாள். "உசிரோட இருந்த காலத்துல ஒரு நாள் இந்த உப்புல நான் போட்டதில்ல. ரத்தக் கொதிப்புன்னு போடாமலே இருந்துட்டேன். இன்னைக்குத்தான் தலைய ஆட்டாம சாப்பிட்டிருப்பா." சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு, குலுங்கிச் சிரித்தாள், கண்ணில் நீர் வந்தது, முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடியும் குழம்பு ஊற்றிக்கொண்டாள். ஆவுடையப்பன் படத்தைப் பார்த்தார். இங்கிருந்து இரண்டு கண்ணும் தெரிந்தன. நாக்கில் இப்போதுதான் ருசி வந்து இறங்கியது, கரித்தது, புளித்தது, எரித்தது, நல்ல குழம்பு.

டீச்சர் மோர் குடித்து முடித்தாள். "மச்சாது ஐயா நல்ல கதைதான் சொல்லுதாரு," என்றாள். "ஆனா அவருக்கு எல்லாத்தையும் துப்பாக்கி கண்டுபிடிச்சுக் குடுத்திருது. ருசி பாக்கக் கூடாத துப்பறியும் ஆளு எனக்கு வேற எங்க கெடைப்பான். அட்டையில அந்தக் கண்ணாடிக் குழாயப் போடச் சொல்லுதேன் அண்ணாச்சி. முதல் அத்தியாயம் சமையக்கட்டுல."

ஆவுடையப்பனுக்கு வாய் நிறையச் சோறு இருந்தது நல்லதாகப் போயிற்று. கூடத்து மின்விசிறி சுற்றியது. ரயிலில் எதிர் சீட்டுக்காரன் ஒருவன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான், உப்பு இலாகாவா, அப்படி ஒண்ணு இருக்கா என்கிறான், ஆனால் சிரிக்கவில்லை, பக்கத்தைப் புரட்டுகிறான்.

"அது கெடக்கட்டும்," என்றாள் டீச்சர். "அந்த மாவடு டிரைவர் டீ கேட்டானே. குடிச்சானா?"

ஆவுடையப்பன் சோற்றை விழுங்கினார். முதுகை நிமிர்த்தினார். "எங்க குடிச்சான்," என்றார், "டீக்கடைக்குள்ள அவன் போனதும், அங்க இருந்த பாலெல்லாம்," என்று ஆரம்பிக்கும்போதே வலது கை இலையிலிருந்து மெல்ல மேலே எழுந்தது. உலகம்மாள் கையை நீட்டி, அவர் பக்கத்திலிருந்த உப்புக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.